மஞ்சுக்குள் பாடியவள்

பாடும்போது பிரிஸ்கில்லா கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டில் கரைந்துபோய் மூடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். எதிரே இருக்கிற முகங்களைப் பார்க்க அவளுக்குப் பயம்.

சின்ன வயதிலிருந்தே திண்டுக்கல்லில் அவர்களுடைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பாடியவள் அவள். அங்கே பாடகர் குழுவுக்கு இடம் பின்பக்கத்து மாடி. கீழே சனங்கள் பீடத்தைப் பார்த்து நிற்பார்கள். மாடியிலிருந்து பார்த்தால் முதுகுகளும் முக்காடுகளும் பூச்சரம் தொங்கும் பின்னல்களும்தான் தெரியும். குரல் மட்டும் மேலேயிருந்து இறங்கி அவர்கள் தோள்களில் படியும். யார் பாடுகிறார்கள் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த மறைவு அவளுக்குப் போர்வை மாதிரி கதகதப்பாக இருந்தது.

ஒரு கல்யாணப் பூசையில் அந்தக் குரலைக் கேட்ட முகமது ரஃபீக், பூசை முடியும்வரை வாசலில் காத்திருந்து அவளைத் தன் இன்னிசைக் குழுவுக்கு அழைத்தார். பகலில் செல்போன் கடை, மாலையில் கீபோர்டு என்று இரண்டு வாழ்க்கை அவருக்கு. குழுவில் ரிதம் பேடு வாசிக்க விக்னேஷ்குமார் இருந்தான். ஆண் குரலுக்கு ஸ்டீபன்ராஜ். பிரிஸ்கில்லா ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பாடவும் ஒரு இடம் கிடைக்கிறதே என்று சந்தோஷமாகச் சரியென்றாள். அங்கே முகங்கள் தன் பக்கம் திரும்பியிருக்கும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை.

செம்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. பிரிஸ்கில்லா மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு பழைய மெல்லிசைப் பாட்டைச் சுருதி பிசகாமல் பாடினாள். பாட்டு முடிந்தது. பந்தியில் யாரோ ரசம் கேட்கும் குரல் தெளிவாகக் கேட்டது. அடுத்து ஸ்டீபன்ராஜ் வந்தான். கார்டுலெஸ் மைக்கைச் சுழற்றிக்கொண்டு கீழே குதித்தான். மாப்பிள்ளையின் தாய்மாமனை இழுத்து ஆடவிட்டான். பாட்டில் பாதி வரியை விழுங்கினான். ஆனாலும் விசில் பறந்தது.

திரும்பி வரும்போது வேனில் ரஃபீக் தன் போனை அவளிடம் நீட்டினார். "நீ பாடினத எடுத்து வச்சிருக்கேன். செத்த நேரம் பாரும்மா."

பார்த்தாள். ஊசி போட வரும் நர்ஸுக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண் மாதிரி நின்றிருந்தாள் அவள்.

"குரலு ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றார் ரஃபீக். "ஆனா நீ கதவச் சாத்திட்டு உள்ள பாடிட்டு இருக்க. வெளிய நிக்கிறவன் எம்புட்டு நேரம் நிப்பான்? நீயே சொல்லு."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே பார்த்தாள். சாலையோரத்துத் தென்னந்தோப்புகள் இருட்டத் தொடங்கியிருந்தன.

அதற்குப் பிறகு வீட்டுக் கண்ணாடி முன்னால் பழக ஆரம்பித்தாள். போனில் பெரிய பெரிய மேடைகளின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தாள். கையை எப்போது உயர்த்துகிறார்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்தாள். கண்ணாடியில் எல்லாம் சரியாகத்தான் வந்தது.

அடுத்து ஒரு சமவெளிக் கிராமத்தில் திருவிழா. பூப்பறித்துவிட்டு வந்த பெண்கள் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிரிஸ்கில்லா கண்ணைப் பாதி திறந்து, அவர்கள் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, பழகி வைத்திருந்ததை உரக்கச் சொன்னாள்: "எல்லாரும் கைய மேல தூக்குங்க பாப்போம்!"

ஒரு கைகூட எழவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: "ஏத்தா, காலைலருந்து செடிக்குச் செடி கையத் தூக்கித்தேன் வந்திருக்கோம். நீ பாட்டப் பாடு."

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் பிரிஸ்கில்லாவுக்குக் காது வரை சுட்டது. மிச்சப் பாட்டுகளை இன்னும் இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தாள். கருவிகளை வேனில் ஏற்றும்போது ரஃபீக்கிடம் போனாள்.

"அண்ணே, எனக்கு இது சரிப்பட்டு வராது. நான் கோயில்லயே பாடிக்கிறேன்."

ரஃபீக் ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். "சிறுமலைக் கச்சேரிக்கு மட்டும் வந்துரும்மா. ஒத்துக்கிட்டாச்சு. அதுக்கப்பறம் உன் இஷ்டம்."

சிறுமலைக்குப் போகும் நாளில் ஸ்டீபன்ராஜுக்குக் காய்ச்சல். கம்பளியைச் சுற்றிக்கொண்டு வீட்டிலிருந்து வீடியோ காலில் வந்து, குரலே எழும்பாமல் கையை மட்டும் ஆட்டினான். மூன்று பேராகத்தான் மலையேறினார்கள். வளைவுக்கு வளைவு சமவெளி கீழே இறங்கிக்கொண்டே போனது. திண்டுக்கல் கோட்டைப் பாறை ஒரு மண்ணாங்கட்டி அளவுக்குச் சிறுத்தது. வேனுக்குள் மிளகுக்கொடியின் வாசமும் ஈரமண் வாசமும் மாறி மாறி வந்தன. இரண்டு மணி நேரம் முழுக்கப் பிரிஸ்கில்லா ஒருத்தியே பாட வேண்டும்.

கச்சேரி மதியத்தில். மலையில் தோட்டங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் காட்டெருமை பாதையில் நிற்கும் என்பதால் வெளிச்சத்திலேயே வீடு திரும்பிவிட வேண்டும். பள்ளிக்கூடத்து மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். மலைவாழைத் தார்களைச் சுமந்து வந்தவர்கள் அவற்றை மரத்தடியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். குழந்தைகள், காதுமறைக்கத் துண்டு கட்டிய ஆண்கள், ஸ்வெட்டருக்கு மேல் சேலை முந்தானையைப் போர்த்திய பெண்கள். பிரிஸ்கில்லா அவர்களை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் அவள் இமைகளின்மேல் ஏதோ தொட்டது. குளிர்ச்சியாக, மிக மெல்லியதாக. மழையா என்று நினைத்துக் கண்ணைத் திறந்தாள்.

எதுவும் இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது.

கண்ணைத் திறந்துவிட்டோமா, இன்னும் மூடித்தான் இருக்கிறோமா என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை. மலைக்காரர்கள் மஞ்சு என்று சொல்கிற அந்தப் பனிமேகம் பள்ளத்திலிருந்து ஏறி, மைதானத்தை மூடி, மேடை விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. முன்வரிசை இல்லை. மரங்கள் இல்லை. திரும்பிப் பார்த்தாள். ரஃபீக் கீபோர்டுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு நிழலாக இருந்தார். அவர் நிறுத்தவில்லை. ஜெனரேட்டர் எங்கோ முனகிக்கொண்டிருந்தது. அவளும் நிறுத்தாமல் பாடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மேடையில் பாடினாள். குரல் வெள்ளைக்குள் போய், எதிலும் மோதாமல், மெல்ல எங்கேயோ கரைந்தது.

பாட்டு முடிந்தது. சத்தமே இல்லை.

எல்லோரும் எழுந்து போய்விட்டார்களோ? முன்பானால் அதுவே நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது ஏனோ மனசு பதறியது. அவள் மைக்கில் கேட்டாள்: "இருக்கீங்களா?"

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "இருக்கோம் தாயி. நீ இருக்கியா?"

பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "இருக்கேன். உங்க யாரையும் எனக்குத் தெரியல."

"எங்களுக்கும் ஒன்னயத் தெரியல," என்றது வேறொரு ஆண்குரல். "குரலு மட்டும் வருது. ரேடியோ கேக்குற மாதிரி இருக்கு."

"நீங்க எங்கிட்டு இருக்கீங்க?"

"பலா மரத்தடில."

"நாங்க கொடிக்கம்பத்துக்கிட்ட!" என்று குழந்தைகள் கத்தினார்கள்.

குரல்கள் ஒவ்வொரு திசையிலிருந்தும் வந்தன. பெயர் சொன்னார்கள். தோட்டம் சொன்னார்கள். யாரோ ஒருவர் தன் ஆடும் இங்கேதான் இருக்கிறது என்றார். அது கத்திக் காட்டியது. பிரிஸ்கில்லா கேட்டுக்கொண்டே நின்றாள். ஆட்களைப் பார்க்க வேண்டும்போல் அவளுக்கு ஆசை எழுந்தது. அப்படி ஒரு ஆசை இதற்கு முன் அவளுக்கு வந்ததேயில்லை. ஸ்டீபன்ராஜின் கார்டுலெஸ் மைக் ஒரு பெட்டியின்மேல் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, தாலாட்டு," என்று மட்டும் ரஃபீக்கிடம் சொன்னாள். பிறகு படியில் இறங்கிவிட்டாள்.

நாலடி நடந்தால் ஒரு முகம். அது வருவதற்கு முன்னால் வெறும் வெள்ளை. பிறகு ஒரு கறை படிந்தாற்போல் நிறம். பிறகு மூக்குத்தி, கண், சிரிப்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆள்தான் உலகத்தில் இருப்பதுபோல் இருந்தது. பாடிக்கொண்டே அவள் ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நின்றாள். ஒரு வரியை அவர்களிடம் விட்டுவிட்டு நகர்ந்தாள். பின்னால் அந்த முகம் மறுபடி வெள்ளைக்குள் மறைந்தது. வாழைத்தாரை மடியில் சாய்த்திருந்தவர். காலில் செருப்பில்லாத ஒரு சிறுமி. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த அப்பன். அந்தப் பிள்ளையின் தலைமுடியில் பனித்துளிகள் கடுகுபோல் ஒட்டியிருந்தன. பிள்ளை விழித்துவிடாமல் குரலைத் தணித்துப் பாடினாள். அப்பன் தலையசைத்தான்.

பிறகு ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுக் கை, ஆனால் சூடாக இருந்தது. "நாந்தேன் தாயி, ஒச்சம்மா. நீ இருக்கியான்னு கேட்டது." நடுவயதுப் பெண். கையில் மிளகு வாசம். அவளும் சேர்ந்து பாட ஆரம்பித்தாள். அவள் சுருதி வேறு, ரொம்பக் கீழே. வரிகளும் வேறு; அவள் பிள்ளைகளுக்குப் பாடிப் பழகிய வரிகளாக இருக்கும். பிரிஸ்கில்லா ஒரு நொடி தடுமாறினாள். பிறகு தன் சுருதியை விட்டுவிட்டு ஒச்சம்மாவின் சுருதிக்கு இறங்கினாள்.

கண்ணுக்குத் தெரியாத மேடையில் ரஃபீக்கின் விரல்கள் ஒரு கணம் நின்றன. அடுத்த கணம் கீபோர்டும் கீழே இறங்கி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டது. விக்னேஷ்குமார் தாளத்தைத் தொட்டில் ஆடும் வேகத்துக்குக் குறைத்தான். சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தி ஒருத்தியாகச் சேர்ந்தார்கள். யார் வாயிலிருந்து எந்த வரி வருகிறது என்று சொல்ல முடியவில்லை. மேகமே பாடுவதுபோல் இருந்தது. பிரிஸ்கில்லா மைக்கை ஒச்சம்மாவிடம் பிடித்துக்கொண்டு, தான் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் கன்னத்தில் ஈரம். மஞ்சா, கண்ணீரா என்று அவளே பார்த்துக்கொள்ளவில்லை.

பாட்டு ஓய்ந்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. மேடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"ரஃபீக் அண்ணே," என்றாள் மைக்கில். அது கரகரத்தது. "வழி தெரியலண்ணே."

சுற்றிலும் சிரிப்பு வெடித்தது. "ஏலே, பாட்டுக்காரப் பிள்ள தொலஞ்சு போச்சுடா!" என்றார் ஒருவர். மேடைப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். "இங்கிட்டு வா! இங்கிட்டு!" விக்னேஷ்குமார் அந்தத் தட்டலுக்குத் தாளம் கொடுத்தான். தட்டல் தாளத்தோடு ஒட்டிக்கொண்டது. அவள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கடந்துபோகப் போக, பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க ஒரே தாளமாக இருந்தது. நடந்துகொண்டே, யாரும் கேட்காமல், ஒரு துள்ளல் பாட்டை ஆரம்பித்தாள். மேடைப் படி காலில் இடித்தபோது அவள் பல்லவியில் இருந்தாள்.

மஞ்சு கலைந்தபோது கச்சேரி முடிகிற நேரம். வெள்ளை மெல்லிசாகி, கிழிந்து, மரங்களுக்கிடையே ஓடியது. அத்தனை முகங்களும் ஒரேயடியாக அவள் முன்னால் வந்தன. மறுபடி பயம் வந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒச்சம்மா எங்கே என்று கண் தேடியது. தேடத் தேட, ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று.

இறக்கத்தில் வேன் மெதுவாகப் போனது. ரஃபீக் அவள் பக்கம் திரும்பினார். "சுருதிய எறக்குனியே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"எனக்கே தெரியாதுண்ணே. அந்தம்மா அங்கன இருந்தாக. நானும் அங்கன போயிட்டேன்."

"நத்தத்துக் கச்சேரிக்கு வாரியா, இல்லையா?"

"வாரேன்," என்றாள்.

நத்தத்தில் ஒரு கல்யாணம். மாந்தோப்பை ஒட்டிய மண்டபத்து வாசலில் பந்தல். வெயில் இன்னும் இறங்கவில்லை. எல்லா முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. பாதிப் பேர் போனில் இருந்தார்கள். காய்ச்சல் தேறி வந்திருந்த ஸ்டீபன்ராஜ், "நான் மொதல்ல போகட்டா?" என்று கேட்டான். "இல்ல, நானே போறேன்," என்றாள் பிரிஸ்கில்லா. உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

முதல் பாட்டில் பல்லவி தாண்டும்வரை தரையைத்தான் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். இடது ஓரத்தில் ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வரி. அடுத்து, போனிலிருந்து தலை தூக்கிய ஒரு பையனுக்கு ஒரு வரி. அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வரியோடு அவள் திரும்பியபோது, மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், பட்டு வேட்டியும் பெரிய மீசையுமாக, கடைவாய்ப் பல் தெரியக் கொட்டாவி விட்டார். நடுக்கொட்டாவியில் அவர் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. திறந்த வாயை மூடவும் முடியாமல், விடவும் முடியாமல் அவர் அப்படியே நின்றார்.

பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அது மைக்கில் விழுந்து பந்தல் முழுக்கப் பரவியது. சனங்கள் திரும்பி மீசைக்காரரைப் பார்த்தார்கள். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். மணப்பெண் மேடையிலேயே சிரித்தாள். அடுத்த வரி பிரிஸ்கில்லாவுக்கு மறந்தே போய்விட்டது.

"பாடும்மா," என்றார் ரஃபீக் சிரித்துக்கொண்டே, அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி.

"இருங்கண்ணே," என்றாள் அவள், பந்தலில் சிரிக்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டே.