ஆறாத பச்சைக் கல்

லோகேஸ்வரன் காலை ஐந்தரைக்கு எழுவான். பல் விளக்குவான். கெத்தலில் தண்ணீர் பிடித்துச் சமையலறை மேடையிலுள்ள கல்லின் மேல் வைப்பான். சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். பாலில்லாமல் தே ஓ கலக்கிக் குடித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தெப்ராவிலுள்ள தொழிற்சாலைக்குப் போய்விடுவான். கல்லுக்கு அடியில் நெருப்பும் இல்லை, மின்கம்பியும் இல்லை. அவன் மனைவி ஷர்மினிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து, லாயாங் லாயாங் ஊரில் அந்த வீட்டில் மட்டும் யாரும் அடுப்பு பற்றவைத்ததில்லை.

பலாக்காய் அளவுக் கருங்கல் அது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. நடுவில் ஒரு தேங்காய் அளவுக்குப் பச்சை, பாசிப்பயறைக் குவித்து அழுத்தியது போல. பல்கலைக்கழகத்தில் ஷர்மினி ஆராய்ந்துகொண்டிருந்தது அந்தப் பச்சையைத்தான். கறுப்பு வேறு, பச்சை வேறு என்பாள். பச்சையின் பெயர் பெரிடோடைட். பூமியின் மேலோட்டுக்கும் கீழே பிறந்தது. குழம்பு மேலே ஏறும்போது, போகிற வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த பயணி. அதற்குள் பைராக்சீன் என்ற கனிமத்தில் இரண்டு வகை மணிகள் இருக்கின்றன. அவை கால்சியத்தைத் தங்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்று அளந்தால், அந்தக் கல் கடைசியாக எந்தச் சூட்டில் நிம்மதியாக இருந்தது என்று தெரிந்துவிடும். அதை அளப்பதற்குள் அவள் போய்விட்டாள். காரியத்துக்கு மறுநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து கருகல் வாடை வந்தது. அவள் கொண்டுவந்து வைத்திருந்த கல்லின் அட்டைப்பெட்டி பழுப்பாகியிருந்தது. லோகேஸ்வரன் கல்லை ஈரச் சாக்கில் சுற்றி அடுக்களைக்குத் தூக்கி வந்தான். அன்று மழை. ஈரச் சட்டையை அதன் மேல் காயப்போட்டான். அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

எதிர்வீட்டுக் காளியம்மா கல்லைப் பார்த்த அன்றே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் ஊற்றிக் கும்பிட்டாள். மறுநாள் அதே கல்லில் தோசை வார்த்தாள். பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் ஆன்ட்டி மாதா படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, நெத்திலிச் சம்பல் வதக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்தவர்களும் கோயில் முடிந்தவர்களும் அந்த அடுக்களையில் வரிசையில் நின்றார்கள். வீடு வீடாகச் சமையல் கேஸ் தோம்பு போடும் ஜெயபாலன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சண்டைக்கு வந்தான். “மச்சான், நீ மட்டும்தான் வாங்காம இருந்தே. இப்ப தெருவே வாங்க மாட்டேங்குது லா. நான் என்ன கல்லையா திங்கிறது?” காளியம்மா அவன் கையில் இரண்டு தோசையைத் திணித்தாள். “கல்ல திங்காத, கல்லுல வார்த்தத தின்னு.” அவன் தின்றான். ஆறு மாதத்தில் ஐஸ்கிரீம் விற்கத் தொடங்கி, முன்னைவிடச் செழித்தான்.

இரண்டாம் ஆண்டு அபிகெயில் வந்தாள். ஷர்மினியோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். ஷர்மினியின் கட்டுரைக்கு இந்த ஒரு கல்லின் அளவு மட்டும்தான் பாக்கி. அது கிடைத்தால் அவள் பெயரிலேயே வெளிவரும். மேலாக ஒரு துணுக்கு போதும் என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்தவள், தலையில் கைவைத்தாள்.

“அலமாக்! பால் ஊத்துனீங்களா? கால்சியம் கணக்கெல்லாம் போச்சு! மேல எடுத்தா, பூமிக்கு அடியில மாடு மேயுதுன்னுதான் ரிப்போர்ட் வரும்.”

“நான் சுத்தமான பால்தான் ஊத்துனேன்,” என்றாள் காளியம்மா.

உள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குக் கல்லை இரண்டாக அறுக்க வேண்டும், தண்ணீர் விட்டு, வைர ரம்பத்தால். அறுத்தால் ஆறிவிடுமா என்று லோகேஸ்வரன் கேட்டான். “தெரியாதுண்ணே,” என்றாள் அபிகெயில். ஆறினால் அந்த வீட்டில் சூடாக இருப்பது அவன் ஒருவன்தான். ஒரு வாரம் யோசித்தான். அந்த வாரம் தெருவில் யாரும் கல்லைப் பற்றிப் பேசவில்லை, காளியம்மா மட்டும், “அவ படிச்ச படிப்பு தம்பி, பாதியில நிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். சனிக்கிழமை லோகேஸ்வரன் கல்லைப் பழைய ஈரத்துண்டில் சுற்றிக் காரில் ஏற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனான்.

ரம்பம் பட்டதும் அறை முழுக்க நீராவி. அது கலைந்தபின் அவன் ஒரு பாதியைத் தொட்டான். கை சுட்டது. மறு பாதியைத் தொட்டான். அதுவும் சுட்டது. அபிகெயில் நடுவிலிருந்து சீவி, வெளிச்சம் ஊடுருவும்படி தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தாள். தீபாவளிச் சேலைக்கடையைப் போல நீலமும் ரோஜாவும் மஞ்சளும் விரிந்தன. பார்த்த கண்ணில் கதகதப்பு ஏறியது. லோகேஸ்வரன் இரண்டு வருடத்துக்குப் பிறகு சிரித்தான். கணக்கும் வந்தது: ஆயிரம் டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சிதறியும் ஆறாத பச்சை மணிகளை அபிகெயில் ஒரு டப்பாவில் கொடுத்தாள். அவன் வீட்டுக்கு ஒரு மணியாகத் தெருவெல்லாம் கொடுத்தான். இப்போது அங்கே யாரும் அதை அதிசயமாகச் சொல்வதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுச் சாவியோடு அதையும் கொடுக்கிறார்கள்.

கட்டுரை அச்சுக்குப் போகுமுன், முதல் பக்கத்தில் ஷர்மினி கடைசியாகச் சொன்னதைப் போடலாம் என்றாள் அபிகெயில். ‘எல்லாரும் நல்லா இருங்க’ என்பதுதானே? லோகேஸ்வரன் இல்லையென்றான். அது காரியத்தன்று வந்தவர்களுக்காகக் காளியம்மா சொல்லி வைத்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஷர்மினி அவன் கையைப் பிடித்து, வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பி, உண்மையில் கேட்டது இவ்வளவுதான்:

“ஏங்க, அடுப்ப அணைச்சிட்டீங்களா?”