மூப்பர் குவாக் வண்டியை நிறுத்தச் சொன்ன காலை

1

அன்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டவர் எங்கள் போதகர். சபையின் ஐம்பதாம் ஆண்டு மலருக்காம். அவருக்கு வயது முப்பத்து நான்கு. எழுபத்தாறு வயதுக்காரன் பொய் சொல்லமாட்டான் என்று இன்னும் நம்புகிறார். நான் சபையின் வேன் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்த அன்பெல்லாம் பின்னிருக்கையில் ஏறி வந்ததுதான்.

முதல் வரி இப்படி இருந்தது: கிறிஸ்தவ வாழ்வில் அன்பு என்பது ஒரு விளக்கைப் போன்றது, அது—

விட்டுவிட்டேன். விளக்கு வந்தால் எண்ணெய் வரும், திரி வரும், பக்கம் நிறைந்துவிடும். ஒரு மனிதர் வரமாட்டார்.

இரண்டாம் முயற்சி: மூப்பர் குவாக் பியோங்சிக் முப்பத்தோரு வருடமாக ஒரு நாள்கூட அதிகாலை ஜெபத்தைத் தவறவிட்டதில்லை.

இது ஒரு காலை வரை உண்மை. இருக்கட்டும்.

2

புயலில் சபைக் கோயிலின் கூரை பறந்துபோன காலையிலும் குவாக் வந்தார். கூரை இருந்த இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து ஜெபித்தார். முதல் பாட்டு தொடங்குவதற்குள் இருக்கையில் இருந்தால்தான் வீட்டு நாட்காட்டியில் அன்றைய தேதிக்கு வட்டம் போடுவார். அது அவருக்கு அவரே போட்ட சட்டம்.

பிரசங்கம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, அவரவர் ஜெபத்தை அவரவர் வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். குவாக் வாய் திறந்தால் துறைமுகத்து நண்டுகள் இரண்டு அடி பின்வாங்கும். (நானே அளந்தேன். ஒன்றரை அடி என்கிறவர்களும் உண்டு.)

3

இப்போது பாவத்தைச் சொல்லவேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன், சபை மொத்தமும் கூடிக் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்ட நாள். இருநூறு முட்டைக்கோசுக்கும் உப்பிட்டது தோ மன்ஹோவின் மனைவி. குவாக் ஓர் இலையைக் கிள்ளித் தின்றுவிட்டு, நாற்பது பேர் முன்னால், "சமுத்திரத்தையே மடிச்சு வெச்சிருக்காங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

(நானும் சிரித்தேன். இந்த அடைப்புக்குறியை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் கதை நொண்டுகிறது.)

அந்த அம்மாள் பிறகு சபைச் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் இறந்துபோனார்.

அன்றிலிருந்து குவாக்கும் தோவும் பேசிக்கொள்வதில்லை. குவாக்கை 'அண்ணே' என்றே கூப்பிட்டு வளர்ந்தவர் தோ, அதுவும் நின்றது. ஆனால் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தார்கள்; முதலில் குவாக், பதிலுக்குத் தோ.

"கர்த்தாவே, வெளையாட்டா சொன்ன ஒரு சொல்ல ஒருத்தன் இன்னும் மனசுல வெச்சிருக்கான். அவன் நெஞ்சக் கரைச்சு விடும்."

"கர்த்தாவே, சில பேருக்கு மூளைக்கு முன்னாடியே நாக்கக் குடுத்துட்டீரே, அது ஏன்?"

ஒன்பது வருடம். நடுவில் கடவுள். அவர் வேறு வேலை பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

4

ஆண்டு விழாவில் குவாக்குக்குக் கேடயம் என்று அறிவிப்பு வந்தது. 'முப்பத்தோரு வருட உண்மையுள்ள ஊழியம்' என்று பொறித்தும் ஆயிற்று. மறுநாளிலிருந்து தோ வண்டி ஏறவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் குவாக்கின் ஜெபம் நான்கே நிமிடத்தில் தீர்ந்துபோனது.

மூன்றாம் நாள் பகலில் தோவைப் பார்க்கப் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "முப்பத்தோரு வருஷமாக் கடவுளப் பாக்கப் போறாரு. போற வழியிலதான் என் வீடு இருக்கு."

(இந்தப் பாத்திரம் இவ்வளவு அழகாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் முட்டாள்தனமாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். ஒரு முள்ளங்கியைக் கையில் கொடுத்து, போய் வண்டியை ஓட்டும் என்றார்.)

அதை மறுநாள் காலை வண்டியில் குவாக்கிடம் அப்படியே சொன்னேன்.

5

தோவின் வாசல் வந்தது. விளக்கில்லை.

"வண்டிய நிறுத்துப்பா."

முதல் பாட்டுக்கு ஐந்து நிமிடந்தான் இருக்கிறது, நிறுத்தினால் இன்றைக்கு வட்டம் கிடையாது என்று சொன்னேன்.

"தெரியும், நிறுத்து."

போதகர் விரும்பும் முடிவு: கதவு திறக்கிறது, இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். குவாக் தன் கல்யாணத்தில்கூட யாரையும் கட்டிக்கொண்டதில்லை; கை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நிற்பார்.

குவாக்கின் மகன் விரும்பும் முடிவு: அப்பா மறுபடி வண்டி ஏறுகிறார், கேடயம் வீட்டுக்கு வருகிறது. இதற்கு நான் எழுதவே வேண்டியதில்லை, நாடு முழுக்க நடக்கிறது.

நடந்தது இது. வாசலில் நின்றவர் பழக்க தோஷத்தில் கண்ணை மூடினார். கை கூப்பினார்.

"கர்த்தாவே, உள்ள இருக்கற மன்ஹோகிட்ட—"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கர்த்தருக்கு ஒம்போது வருஷமாக் கேட்டுக் காது புளிச்சுப் போயிருக்கும், அண்ணே. எங்கிட்ட சொல்லுங்க."

குவாக் கண்ணைத் திறந்தார். நண்டுகளை விரட்டிய அந்த வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. கோயிலில் முதல் பாட்டு தொடங்கிவிட்டது. நான் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

அவர் சொன்னது மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் இருக்காது. அதற்கு இங்கே ஒரு வரி விட்டிருக்கிறேன்:

"                              "

போதகர் ஐயா, அச்சுக்கோர்ப்பவர் தவறவிட்டது என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள். வாசிக்கிறவருக்கும் போகிற வழியில் ஒரு வீடு இருக்கும். அங்கே இறங்கி, என்ன சொன்னாரோ அதைத் தம் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும்.