தட்டிப் பார்த்த தரை

ஹனீஃபா பாயின் காதைப் பற்றித் திருச்சி ஜங்ஷனில் கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் ரயில் சக்கரம் தட்டிய மனிதர். வண்டி வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு தண்டவாளத்தில் இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் குரல் அடைத்துப் போகும். 'இது வேண்டாம்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எந்த அதிகாரி வந்து குதித்தாலும் அந்தப் பெட்டியைக் கழற்றிய பிறகுதான் வண்டி கிளம்பும். அப்பேர்ப்பட்ட காது. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ரிட்டயரானதும் பொன்மலைக் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை குட்டி இல்லை. மனைவி ரஷீதாவை அழைத்துக்கொண்டு, நத்ஹர்வலி தர்காவுக்குப் பக்கத்தில் மச்சான் அப்துல் சலாம் வீட்டு மாடியில் குடியேறினார். மாடிக்குப் பதினேழு மரப்படி, ஏணி மாதிரி செங்குத்து. வந்த நாலாம் மாதம் ரஷீதா அதில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கோலை ஊன்றிக்கொண்டு சமதளத்தில் நடப்பாள். படி என்று ஒன்று வந்துவிட்டால் அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று வருஷம் அவள் கீழே இறங்கவே இல்லை. சொந்த அண்ணன் மகள் நிக்காஹ் கீழே நடக்க, இவள் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "என்னை மையித்தா, பொணமாத்தான் எறக்குவீங்க போலிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு ஹனீஃபா கல்யாணச் சோற்றைத் தொடவில்லை.

இதே தொல்லை பொன்மலையில் வீட்டுக்கு வீடு இருந்தது. பாய்லர் ஷாப் மேஸ்திரியாக இருந்த அற்புதசாமிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் அவரும் ஹனீஃபாவும் இருபத்திரண்டு குடும்பங்களைச் சேர்த்து ஒரு சங்கம் கண்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஒரு காலனி. கிழவனும் கிழவியும் கடைசி மூச்சுவரை அடுத்தவர் தோளைப் பிடிக்காமல் தங்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். அதற்காக அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட திட்டம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். நாற்காலியோடு ஆளைத் தூக்கிப் போகும் அளவுக்கு அகலக் கதவு. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. சுவரோரம் பிடித்து நடக்க இரும்புக் குழாய். ஐம்பது அடிக்கு ஒரு கல் பெஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலனி முழுக்க ஒரு படிகூடக் கிடையாது. தெருவும் கூடமும் கொல்லையும் ஒரே மட்டம்.

கிடைத்த நிலமோ மட்டமானதில்லை. அரியமங்கலம் தாண்டி, உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய வறண்ட பூமி. நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு ஓடை வளைந்து போனது. அதை நிரப்ப இவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, என்ஜின் சாம்பல்தான் தோன்றியது. ரயில்காரர்களுக்குச் சாம்பல்மேல் அப்படியொரு நம்பிக்கை. யார்டு முழுக்க அதுதான் கிடக்கும், மழை பெய்தாலும் சேறாகாது. ஷெட்டில் மலைமலையாகக் குவிந்திருந்ததை லாரி லாரியாகக் கொண்டுவந்து ஓடையில் கொட்டினார்கள்.

நிலத்தை விற்ற வீரமலை ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஐயா, காஞ்சு கெடக்குதுன்னு நெனைச்சுடாதீங்க. இது ஓடைங்க. கல்லைப் போட்டு, செம்மண்ணைப் போட்டு, திமிசு வச்சு இடிச்சுட்டு மேல கட்டுங்க. இந்தக் கரிச்சாம்பல் தண்ணி வந்தா கரைஞ்சு போயிடும்."

அற்புதசாமி சிரித்துவிட்டார். "அட போங்க வீரமலை! இது மேலதான் என்ஜினே ஓடுது. நாங்க என்ன என்ஜினைவிடக் கனமா?"

"என்ஜின் ஓடிப்போயிடுதுங்களே. நீங்க இங்கயே இல்ல இருக்கப் போறீங்க" என்றார் வீரமலை. அதற்கு மேல் அவரை யாரும் கேட்கவில்லை.

அறுபத்தொன்று பங்குனியில் குடி வந்தார்கள். முதல் நாள் ரஷீதா கோலை ஊன்றிக்கொண்டு கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போனாள், அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போனாள், திரும்பி வந்து தெரு வாசலில் நின்றாள். "ஏங்க, கடைக்குப் போயிட்டு வரேன்" என்றாள். தனியாகப் போய், ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு, தனியாகத் திரும்பி வந்தாள். ஹனீஃபா வாசலிலேயே நின்று குழந்தை மாதிரி அழுதார். பார்த்தவர்கள் யாரும் கேலி செய்யவில்லை.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு காலைப்பொழுது. ஹனீஃபா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரஷீதாவின் கோல் கூடத்தில் டக், டக் என்று போனது. அடுப்படி வாசலில் 'தொப்' என்றது. அவர் பேப்பரைத் தாழ்த்தினார். அந்தச் சத்தத்தை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரஷீதா நின்று திரும்பிப் பார்த்தாள். "என்னங்க?"

"ஒண்ணுமில்லே. நீ போ."

அன்றைக்கு மத்தியானமே சுத்தியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கரையான் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னார். நல்ல தரை கெட்டியாகப் பதில் சொன்னது. கெட்ட தரை அடியில் ஒன்றுமில்லாமல் முனகியது. ஒன்பது வீடுகள். வரிசையாக இல்லை, வளைந்து வளைந்து, பழைய ஓடை போன வழியிலேயே. நம்பிக் கொட்டிய சாம்பலைத் தண்ணீர் அடியிலேயே அரித்துக்கொண்டு போகிறது. வீரமலை சொன்னது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

ஏழாம் நம்பர் அற்புதசாமியின் வீடு. அங்கேதான் ரொம்ப மோசம். கட்டிலுக்கு அடியில் இரண்டு தடவை தட்டினார், இரண்டு தடவையும் அதே முனகல்.

"கரையான் இருக்கா பாய்?"

"இல்லே."

"வேற எதுவும் இல்லியே?"

"ஒண்ணுமில்லே."

"உங்க காது சொன்னாச் சரிதான்" என்று அற்புதசாமி கட்டிலில் சாய்ந்துகொண்டார். நிம்மதியாகக் கண்ணை வேறு மூடிக்கொண்டார், பாவி மனுஷர்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும்? காலனியைக் காலி செய்ய வேண்டும். தரையைத் தோண்டி, சாம்பலை அள்ளி, கல் போட்டு மூட ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை ரஷீதா எங்கே போவாள்? அதே பதினேழு படி. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மாடியில் வைப்பார்கள். மறுபடி இறங்குவாளோ மாட்டாளோ. தை பிறக்கட்டும், மழை முடியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஒரு விரிசல் சக்கரத்தைக்கூடப் போகவிடாத மனிதர், ஒன்பது வீட்டைப் போகவிட்டார்.

புரட்டாசியில் எதிர்வீட்டு நல்லுசாமியின் மனைவி பொன்னுத்தாய் வந்தாள். "பாய், கொல்லைப் பக்கம் மண்ணுலேருந்து தண்ணி கறுப்பா ஊறுதே, என்னாங்க அது?"

"புது மனைன்னா அப்படித்தாம்மா இருக்கும்."

பிறகு சில வீடுகளில் கதவு நிலையில் இடித்தது. ஒரு வீட்டில் பிடித்து நடக்கும் குழாய் சுவரிலிருந்து விரல் அளவு விலகியது. ஒவ்வொரு தடவையும் ஆட்கள் ஹனீஃபாவிடம்தான் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதோ ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினார். வீட்டுக்குள் ரஷீதா அடுப்படி வாசலை மட்டும் சுற்றி நடக்கப் பழகியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள், ஹனீஃபா மத்தியான லுஹர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது அந்தச் சத்தம் வந்தது. இடி இல்லை. பூமி வாயைத் திறந்து மூடியது மாதிரி ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் தெருவில் கூக்குரல். எல்லாரும் கோலும் குடையுமாக ஏழாம் நம்பரை நோக்கி ஓடினார்கள், ஓட முடியாதவர்கள் நடந்தார்கள். ஹனீஃபா மட்டும் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் கழித்து நல்லுசாமி வந்தார். மார்வரை கறுப்புச் சேறு. பின்னால் பத்துப் பதினைந்து பேர் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"தரை அப்படியே உள்ள போயிடுச்சு பாய். கட்டிலோட போயிட்டாரு. இழுத்து வெளிய போட்டோம். மூச்சு இல்லே."

"இன்னா லில்லாஹி..." சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் அந்த வசனத்தை ஹனீஃபா பாதியில் விட்டார்.

"அழுவுறதுக்கு இப்ப நேரமில்லே. சுத்தியலை எடுங்க. எந்த வீட்டுல இருக்கலாம், எந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு உங்க காதுதான் சொல்லணும். சீக்கிரம் தட்டிப் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஹனீஃபா சுத்தியலை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ரஷீதா கோலை ஊன்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"அவரு தட்ட வேண்டியதில்லே அண்ணே" என்றாள். "ஆடியிலேயே தட்டிப் பார்த்துட்டாரு."

எல்லாரும் ஹனீஃபாவின் பக்கம் திரும்பினார்கள்.

"மூணு வருஷம் மாடியில உக்காந்து கீழ நடக்குறதையெல்லாம் காதாலதான் கேட்டேன். எனக்கும் காது இருக்கு. என் கோலு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அந்தப் படிக்குப் பயந்துக்கிட்டு நானும் வாயை மூடிக்கிட்டேன்." கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள். "இப்பயாவது சொல்லுங்க. இன்னும் எத்தனை பேரு அது மேல நிக்கிறாங்க? சொல்லித் தொலைங்க!"

நல்லுசாமி ஒரு அடி கிட்டே வந்தார். "பாய், எங்க வீடு?" என்றார், மெதுவாக.

ஹனீஃபா அவர் முகத்தைப் பார்க்காமல், மூன்று மாதமாக மனசுக்குள் வைத்திருந்த வீட்டு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். முதலில் ஏழு என்றார்.