இடது பக்கத்து முடி

"தொப்பிய எடுக்காதீங்க அத்தை"ன்னு அவ கத்துறதுக்குள்ள மாமியா எடுத்துட்டாங்க.

ஹால் முழுக்க ஆளுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க, கீழ் வீட்டு அக்கா, அவன் வேலை பாத்த லிஃப்ட் கம்பெனி ஆளுங்க. அத்தனை கண்ணும் அவன் தலைக்குப் போயிருச்சு. வலது பக்கம் ஒட்ட வெட்டி, காது மேல கோடு இழுத்த மாதிரி சுத்தமா இருக்கு. இடது பக்கம் காதையே மூடிக்கிட்டு காடா கெடக்கு. முப்பது வயசுப் புள்ள செத்துப் போயி கட்டில்ல கெடக்குது, இப்படி ஒரு தலையோட.

கம்பெனி ஆளு ஒருத்தருக்கு சிரிப்பு வந்துருச்சு போல. இருமுற மாதிரி பாவலா பண்ணிட்டு வெளிய போயிட்டாரு. பாவம், வேணும்னேவா சிரிச்சாரு?

"என்னடி இது?"

"காலைல வெட்டிக்கிட்டு இருந்தேன் அத்தை. பாதியில நெஞ்சு வலின்னாரு."

"நீயா வெட்டின? முடி வெட்டுற காசையுமா மிச்சம் பிடிச்ச? எம் புள்ள வயித்துல அடிச்சது போதாதுன்னு தலையிலயும் கைய வெச்சியா?"

அவளுக்கு அழுகை வரல. காலைலேருந்தே வரல. வர்றதெல்லாம் கோவம்தான். மாமியா மேல கோவம், வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறவங்க மேல கோவம், எல்லாத்துக்கும் மேல கட்டில்ல கெடக்கறவன் மேல. ஒண்ணுந்தெரியாத புள்ளையாட்டம் கண்ண மூடிக்கிட்டு கெடக்கறதப் பாரு. எந்திரிச்சு சொல்லேன் உங்கம்மாகிட்ட, யாரு ஆரம்பிச்சதுன்னு!

அவன் ஆரம்பிச்சதுதான். கல்யாணமாகி மூணாம் மாசம் ஒரு கத்திரிய வாங்கிட்டு வந்து அவ கையில குடுத்தான். "நாலு தடவை வெட்டினா கத்திரிக்குப் போட்ட காசு வந்துரும். பழகிக்கோ"ன்னான். மொத தடவை ஆடு மேஞ்ச மாதிரி ஆயிருச்சு. "எந்த எலிடா உன் தலையில குடித்தனம் பண்ணுது?"ன்னு கம்பெனியில ஒரு வாரம் ஓட்டியிருக்காங்க. வெட்டி முடிச்சு கழுத்துல ஒட்டின முடிய அவ ஃபூன்னு ஊதினதுல, கூச்சக்காரன், துள்ளிட்டான். கத்திரி காது நுனியக் கீறி ரத்தம் வந்துருச்சு. அதுலேருந்து ஊதுறதுக்கு முன்னாடி கத்திரிய கையோட ஒசரத் தூக்கிப் பிடிச்சுக்குவா. போகப்போக அவ கை பழகி, சலூன்காரன் தோத்தான் போங்க.

எல்லாம் எதுக்கு? ஒரு வீட்டுக்கு. லிஃப்ட் இருக்கற வீட்டுக்கு. ஊரு பூரா லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன், தன் வீட்டுக்கு நாலு மாடி படியேறிப் போறான், வாடகை கம்மின்னு. அவ சூப்பர் மார்க்கெட்ல பில்லு போடுறவ. நசுங்கி சொட்டை விழுந்த டப்பா, தேதி முடியப் போற பிஸ்கட்டு, பாதி வெலைன்னு மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டினதா பாத்துப் பொறுக்கிட்டு வருவா. அவன் ஸ்டிக்கர பிரிச்சு அவ நெத்தியில ஒட்டுவான். "நீயும் பாதி வெலைக்குக் கெடச்சவதான்"ம்பான். வாயக் கட்டி வயித்தக் கட்டித்தான் இருந்தாங்க, ஆனா சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

இன்னைக்குக் காலைல வலது பக்கம் முடிச்சுட்டு இடது பக்கம் வந்தா, அவன் நெஞ்சத் தடவுறான்.

"கரிக்குது. கொஞ்சம் நிறுத்து."

மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. "டாக்ஸி கூப்பிடறேன்"னா அவ.

"ஞாயித்துக்கெழமை ரெண்டு பங்கு கேப்பான். பஸ் வந்துரும்."

சண்டை போட்டா. அவன் பாட்டுக்கு தொப்பிய மாட்டிக்கிட்டு நாலு மாடியும் சுவத்தப் பிடிச்சுக்கிட்டே எறங்கிட்டான். பஸ் ஸ்டாப் பெஞ்சில உக்காந்தான். தூரத்துல பஸ் தெரிஞ்சப்போ, "சில்லறை வெச்சிருக்கியா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். அவ பர்ஸத் தொறந்து தேடிட்டு நிமிந்து பாத்தா, தலை அவ தோள்ல சாஞ்சிருந்துச்சு. பஸ்ஸு வந்து நின்னு, கதவு தொறந்து, யாரும் ஏறலைன்னு போயிருச்சு.

ஆஸ்பத்திரில கழட்டிக் குடுத்த தொப்பிய அவதான் மறுபடியும் மாட்டி விட்டா. சாயங்காலம் சுடுகாட்டு வண்டி வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு நெனச்சா. மாமியா கை சும்மா இருக்கலையே!

படியில புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குற சத்தம். அவனோட அண்ணன், கார் வியாபாரி. உள்ள வந்து தலையப் பாத்தாரு, அம்மாவப் பாத்தாரு, விஷயம் புரிஞ்சுது. டக்குனு போன எடுத்தாரு.

"பேசாம இருங்கம்மா. பெரிய சலூன்லேருந்து ஆள வரவெக்கிறேன். எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கறேன். பூவுக்கும் நான் சொல்லியாச்சு. வண்டியும் பெரிய வண்டியா..."

"சலூன் ஆளு வேண்டாம் மாமா. நானே வெட்டிடறேன்."

"இந்தாம்மா, இதுலயுமா சிக்கனம்? வெளியாளு பாத்தா காறித் துப்புவான்."

"துப்பட்டும். இந்தத் தலையில இன்னொருத்தன் கை வெக்கக்கூடாது."

"போதும்மா. நெஞ்சு வலிக்காரன பஸ்ஸுக்கு நிக்க வெச்சியாமே? எனக்கு ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல காரோட வந்திருக்க மாட்டேனா?"

அங்கதான் அவளுக்குப் பத்திக்கிச்சு.

"போட்டேன் மாமா. உங்க நம்பரத்தான் போட்டேன். ஒரு ரிங் போறதுக்குள்ள அவரு போன பிடுங்கி கட் பண்ணிட்டாரு. ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல்னு உங்க கார்ல ஆஸ்பத்திரிக்குப் போனோமே. அந்தப் பெட்ரோல் கதைய எத்தனை விசேஷத்துல சொன்னீங்க? எத்தனை பேரச் சிரிக்க வெச்சீங்க? 'தம்பி ஏறி உக்காந்தாலே என் காரு பெட்ரோல் முள்ளு கீழ எறங்கிரும்'னு. அவரும் உங்ககூட சேந்து சிரிச்சாரு மாமா. வீட்டுக்கு வந்து சாப்பிடல."

கீழ் வீட்டு அக்கா பிளாஸ்டிக் சேர் ஒண்ண எடுத்து, வெச்ச எடத்துலயே திரும்ப வெச்சாங்க. அண்ணன்காரரு போனப் பாத்தாரு. அதுல காலைல வந்த ஒத்த மிஸ்டு கால் இருந்திருக்கும். திருப்பிக் கூப்பிடலையே அவரு. போன பையில போட்டுக்கிட்டு, ஜன்னல்கிட்ட போயி முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு.

அந்தக் கதைக்கு மாமியாவும் சிரிச்சவங்கதான். தொப்பிய ரெண்டு கையிலயும் வெச்சுக்கிட்டு, மடிச்சாங்க, பிரிச்சாங்க.

"கத்திரி எங்கடி?"

"பின்னாடி பால்கனில."

"எடுத்துட்டு வா. எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க." அவ நகந்ததும் பின்னாடியே ஒரு அதட்டல். "கோணலா வெட்டின, அவ்வளவுதான்."

பால்கனில காலைல விட்டது விட்டபடி கெடந்துச்சு. நடுவுல ஓட்டை போட்ட பழைய பெட்ஷீட்டு, ஸ்டூலு, தரையில வலது பக்கத்து முடி. அவன் பாதி குடிச்ச தண்ணி டம்ளரு. அவ கத்திரியும் சீப்பும் பெட்ஷீட்டும் எடுத்துக்கிட்டு வந்தா.

கதவச் சாத்தியாச்சு. மாமியா அவன் தலைய ரெண்டு கையாலயும் தூக்கி ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிச்சாங்க. அவ அவன் கழுத்துக்கு அடியில பெட்ஷீட்ட விரிச்சா. கோவத்துல கத்திரி கடக்கு கடக்குன்னு ஓடுச்சு.

"தலைய ஆட்டாத, ஆட்டாதன்னு இவன்கிட்ட தொண்டத்தண்ணி வத்தக் கத்தியிருக்கேன் அத்தை. ஒரு நாளு கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்குறான் பாருங்க. சில்லறை இருக்கான்னு கேக்குறான் அத்தை! வேற ஒண்ணும் கேக்கத் தோணல இவனுக்கு! பாவி! எந்திரிச்சு வாடா, உன் சில்லறைய மூஞ்சில வீசறேன்!"

மாமியா முன்னாடி அவன அவன் இவன்னு அவ பேசினது அதான் மொத தடவை. மாமியா தலைய இன்னும் கொஞ்சம் சாய்ச்சுக் குடுத்தாங்க.

காது மடலப் பிடிச்சு மடக்கினா. நுனியில அந்தப் பழைய கீறல் இருந்துச்சு. அதச் சுத்தி மெதுவா வெட்டினா. ரெண்டு பக்கமும் சமமான்னு எட்டி நின்னு பாத்தா. கிருதாவுல நீட்டிக்கிட்டிருந்த ஒரு முடிய எடுத்தா. நல்லாத்தான் வந்திருந்துச்சு. சலூன்ல வெட்டின மாதிரியே.

"சரியா இருக்கா அத்தை?"

"ம்."

கழுத்துல துண்டு துண்டா முடி ஒட்டியிருந்துச்சு. அவ கத்திரிய ஒசரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் குனிஞ்சு, ஃபூன்னு ஊதினா.

முடியெல்லாம் பறந்து பெட்ஷீட்டுல விழுந்துச்சு. கத்திரி மேலயே இருந்துச்சு.