தொள்ளாயிரம் ஸ்விட்ச்

அந்த யோசனை என்னுடையது. பழியை வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

எண்பத்து நாலாம் வருஷம். மண்ணூர்ப் பக்கம் ஸ்விட்ச் செய்கிற கம்பெனி ஒன்றில், ஒரே மேஜையைச் சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஸ்பிரிங் வைத்து ஸ்க்ரூ முடுக்குவோம். நாலு வருஷமாகியும் எட்டுப் பேரும் டெம்பரரி. ஒருநாள் சூப்பர்வைசர் கோதண்டராமன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். மாதாமாதம் அதிக ஸ்விட்ச் செய்கிறவள் 'நட்சத்திரத் தொழிலாளி'யாம். கோப்பை கொடுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் போட்டோ மாட்டுவார்களாம். மூன்று மாதம் தொடர்ந்து முதலில் வந்தால் பர்மனென்ட்.

"கோப்பைய வச்சிக்கினு நாக்கு வழிக்கிறதா?" என்றாள் கனகம். கடைசி வரியைப் படித்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

எங்களில் அம்சவல்லிக்குத்தான் அது உடனே வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனியில் பர்மனென்ட் ஆளுக்குத்தான் குடும்பத்துக்கே இலவச வைத்தியம் கிடைக்கிற ஈ.எஸ்.ஐ. அட்டை. அவள் புருஷன் நடேசன் இருமி இருமி ரத்தம் கக்கிக்கொண்டிருந்தான். ஆனால் அவள் கை நிதானம். ஷிப்டுக்கு நாங்கள் அறுநூறு முடித்தால் அவள் ஐந்நூற்றைம்பது. அவளாவது ஜெயிப்பதாவது!

சோறு தின்கிற நேரத்தில் நான்தான் ஆரம்பித்தேன். "சீட்டு போடறோமில்ல, அத்த மாதிரி பண்ணலாம். அவசரக்காரிக்கு மொத சீட்டு. ஆளுக்கு அம்பது ஸ்விட்ச் அம்சா தட்டுல போடுங்கடி. மூணு மாசம் அவ, அப்பால கனகம், அப்பால பாஞ்சாலி. எல்லாரும் கரையேறிடலாம்."

"புடிச்சிட்டான்னா?" என்றாள் பாஞ்சாலி.

"தட்டுல கீற ஸ்விட்ச்சு வாயத் தொறந்து சொல்லுமா?"

அம்சவல்லி அழுதுவிட்டாள். "கம்னு துன்னுடி" என்று அதட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் அவள் தட்டில் தொள்ளாயிரம். கோதண்டராமன் வாயைப் பிளந்தார். இரண்டு மாதமும் கோப்பை அவளுக்கே. மூன்றாவது மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது மெட்ராசிலிருந்து மேனேஜர் வந்தார். அம்சவல்லிக்கு மாலை போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொம்பளையால தொள்ளாயிரம் முடியுது. ஒங்களால மட்டும் ஏன் ஐந்நூத்தம்பது? இன்னிலேர்ந்து எல்லாருக்கும் தொள்ளாயிரம். முடியாதவங்க நின்னுக்கலாம்."

அதோடு விட்டாரா அந்த மனுஷன்? எங்கள் ஏழு பேரையும் அம்சவல்லியைச் சுற்றி நிற்க வைத்தார். அவள் கை எப்படிப் போகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கழுத்தில் மாலையோடு அவள் உட்கார்ந்தாள். கோதண்டராமன் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஸ்பிரிங் இரண்டு தரம் கீழே விழுந்தது. ஒரு மணி நேரத்தில் அறுபதுதான் முடிந்தது. மேனேஜர் முகம் மாறியது.

"நீதான் தொள்ளாயிரம் செஞ்சியா? வேற யாராச்சும் ஒன் தட்டுல போட்டாங்களா? உண்மையச் சொல்லு."

அவள் நிமிர்ந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். எங்கள் எட்டுப் பேர் பிழைப்பும் அவள் நாக்கு நுனியில் நின்றது.

"நான்தான் சார் செஞ்சேன். யாரும் போடல."

"அப்ப இப்ப ஏன் முடியல?"

அவள் குனிந்து கீழே விழுந்த ஸ்பிரிங்கை எடுத்தாள்.

"மால போட்டதும் திமிரு ஏறிடுச்சு சார். வேணும்னே மெதுவா செய்யறா" என்றார் கோதண்டராமன்.

அப்போதே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். என் யோசனைதான் சார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். நாக்கு எழவில்லை. அட, எழுப்ப நான் முயலவே இல்லை.

தொள்ளாயிரம் தொள்ளாயிரம்தான் என்று சொல்லி எங்களைத் திரும்ப வேலைக்கு உட்கார வைத்தார்கள். அம்சவல்லி மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நடந்து போனாள். நான் திரும்பவில்லை. தலையைக் குனிந்து ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவுமாகக் கையை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் அத்தனை வேகமாக நான் வேலை செய்ததில்லை. அன்றைக்கு என் தட்டில் எழுநூற்றுப் பத்து. அதுவும் போதவில்லை.