பதினோராம் எண் ரத்தம்

...இல்லை, அது கோடாக இருக்காது, சீரம் ஊறி ஏறும்போது சில பட்டைகளில் இப்படி ஒரு நிழல் விழும், காய்ந்தால் போய்விடும், ஆனால் போகவில்லையே, போகாததால்தானே இப்போது இந்த இரண்டாவது பட்டை, விரலில் குத்தி எடுத்த புது ரத்தம், மேசைமேல் கடிகாரம் இருபது நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, பத்தொன்பது நாற்பது, பத்தொன்பது முப்பத்தெட்டு... ரமணி நடுவிரலைப் பஞ்சோடு சேர்த்து மடக்கி வெள்ளை மேலங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஹாஜரா கீழே கேண்டீனில் நாசி லெமாக் தேங்காய்ச்சோறு தாப்பாவ் பண்ண, பொட்டலம் கட்டி வாங்கிவரப் போயிருக்கிறாள், பசியாறாமல் அவளுக்கு வேலை ஓடாது, வரிசை நீளமாக இருந்தால் கால் மணி நேரம், இல்லாவிட்டால் பத்து நிமிடம். அவள் வருவதற்குள் முடியுமா? முடியாது. இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான், முன்னால் பார்ப்பது தப்பு என்று மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரமணிதான்.

காலையில் செய்தது சாதாரண வேலை. நத்தைக் காய்ச்சலுக்கு இவர்கள் உருவாக்கிய சோதனைப் பட்டை அடுத்த வாரம் தான்சானியாவுக்குப் போகிறது, அதற்கு முன் வெளிநாட்டுப் பட்டை ஒன்றோடு ஒப்பிட்டுக் காட்டிவிடுங்கள் என்று ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ரோஹானா கேட்டிருந்தார், அவ்வளவுதான். கோவிட் காலத்தில் எல்லோரும் வீட்டில் பார்த்துப் பழகிய அதே இரண்டு கோடு, மேல் கோடு எப்போதும் விழும், கீழ்க் கோடு விழுந்தால் அந்த உடம்பு நோயைத் தரும் புழுவைச் சந்தித்திருக்கிறது. கண்ட்ரோல் என்று, அதாவது நோயில்லாதவர்கள் என்று வைத்திருக்கும் இருபது பேரின் ரத்தத்தை இரண்டு வகைப் பட்டையிலும் வரிசையாக விட்டார்கள். பத்தொன்பது பேரிடம் ஒன்றுமில்லை. பதினோராம் எண்ணுக்கு மட்டும், அந்த வெளிநாட்டுப் பட்டையில், கீழே ஒரு கோடு, பென்சிலால் லேசாக இழுத்ததுபோல. ஹாஜரா குனிந்து பார்த்துச் சிரித்தாள். பதினொண்ணு எந்த ஆத்துல குதிச்சுதோக்கா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலக் கோயிலுக்குப் போன ஆளா இருக்கும், அருவில முங்கிட்டு வந்து நமக்கு ரத்தம் குடுத்திருக்கு. அந்த அருவில ஏது இந்தப் புழு, போ லா, என்று ரமணியும் சிரித்தாள், எப்படிச் சிரிக்க முடிந்தது? எண்ணுக்கு உரியவர் யார் என்ற பட்டியல் பூட்டிய இழுப்பறைக்குள் இருக்கிறது, சாவி ரமணியிடம், திறந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பதினொன்று ரமணிதான். ஆய்வுக்கூடங்களில் இது வழக்கம், நோயில்லாத ரத்தம் வேண்டுமென்றால் முதலில் கையை நீட்டுவது அங்கேயே வேலை செய்பவர்கள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள், வருடந்தோறும் விரதம், பாற்குடம், குழாய்த் தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் குடிப்பாள், இவளைவிடச் சுத்தமான உடம்பு எங்கே கிடைக்கும்...

பதினைந்து பத்து. தான்சானியா, விக்டோரியா ஏரி. ஏழு வருடம் ஆகிறது, ரத்த மாதிரி சேகரிக்கும் பயிற்சி, கடைசி நாள் மாலை, மீனவர்கள் கருவாடு காயவைத்திருந்த கரை. தண்ணீரில் இறங்கக்கூடாது, கால் நுனிகூட நனையக்கூடாது, இதுதான் முதல் விதி, ரோஹானா விமானத்திலேயே மூன்று முறை சொல்லியிருந்தார். செருப்பெல்லாம் சேறு. கழுவத்தான் இறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர், அவ்வளவு வெயிலுக்குப் பிறகு அது குளிர்ச்சியாக இருந்தது, பக்கத்தில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டே இவளைப் பார்த்துச் சிரித்தாள், இவளும் சிரித்தாள், ஐந்து நிமிடம் இருக்குமா, பத்து நிமிடமா? அன்றிரவு கணுக்காலெல்லாம் அரிப்பு. கொசு. ஒரு மாதம் கழித்து பாயான் பாரு வீட்டில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, டிங்கியாக இருக்கும் என்றார்கள், சோதித்ததில் டிங்கி இல்லை, ஏதோ வைரஸ், போய்விட்டது. கொசு, வைரஸ். நத்தையிலிருந்து வெளியேறும் அந்தக் குஞ்சுப்புழு தோலைத் துளைத்து உள்ளே போக ஐந்து நிமிடமே போதும், துளைத்த இடம் அன்றிரவு அரிக்கும், சில வாரத்தில் காய்ச்சல் வரும், இதைப் படம் போட்டு எத்தனை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறாள், தன் காலைப் பற்றி மட்டும் எப்படித் தெரியாமல் போனது? பிறகு கண்ட்ரோலுக்கு ரத்தம் கொடுத்தபோது நிரப்பிய அந்தப் படிவம். நோய் உள்ள நாட்டின் ஏரியிலோ ஆற்றிலோ இறங்கியதுண்டா? இல்லை என்று கட்டத்தில் குறி போட்டாள். உண்டு என்று போட்டால் ரோஹானா பார்ப்பார். அந்த ஒரு குறி.

பன்னிரண்டு நிமிடம். வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே, கை தானாகவே போய் அழுத்தியது. வலிக்கிறதா? அழுத்தினால் யாருக்குத்தான் வலிக்காது. ஜோடியாக இருக்கும், குடலைச் சுற்றிய ரத்தக் குழாயில், ஆண் புழுவின் மடிப்புக்குள் பெண் புழு, வருடக்கணக்கில் பிரியாமல், உடம்பின் காவலுக்குத் தெரியாதபடி நம்முடைய பொருள்களையே எடுத்துப் போர்த்திக்கொண்டு. நாளுக்கு நூறு முட்டை, இருநூறு முட்டை, பாதி வெளியே போகும், மீதி ஈரலில் போய்ச் சிக்கும், சிக்கிய இடம் தழும்பாகும், ஏழு வருடம்... மாத்திரை இருக்கிறது, ஒரே நாளில் விழுங்கிவிடலாம், புழு செத்துவிடும், தழும்பு? ஒருவேளை அதற்கு முன்பே தானாகச் செத்தும் இருக்கலாம், எதிர்ப்புப் பொருள் மட்டும் ரத்தத்தில் மிச்சமிருக்கலாம், இந்தக் கோடு அதைச் சொல்லாது. அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும். முருகா. கண்ணாடிக்கு வெளியே தூரத்தில் பாலம், லாரிகள் அக்கரையில் பிறை ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன, எதுவும் நிற்கவில்லை.

அப்புறம் அந்த ஏழு. அதை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரமாக ஈரலை நினைத்துக்கொண்டிருந்தாளா? ஏழாம் எண் புரதம், புழுவின் தோலில் இருப்பது, இங்கே ஆராய்ச்சி மாணவனாக இருந்த கோகுலன் இரண்டு வருடம் உட்கார்ந்து பிரித்தெடுத்தது. பட்டையில் பூசியபோது நோயாளிகளின் ரத்தத்தில் என்ன அழகாகக் கோடு போட்டது, தடுப்பூசிக்கும் இதையே எடுக்கலாம் என்று ரோஹானாவே சொன்னார். ஆனால் பதினொன்றிலும் கோடு போட்டது. நோயில்லாத ரத்தத்தில் கோடு போடும் புரதம் பொய் சொல்கிறது, தூக்கிப் போடு, இதுதான் முறை, தூக்கிப் போட்டார்கள். இப்போது தான்சானியாவுக்குப் போகப்போவது பன்னிரண்டாம் எண் புரதம், அதைத் தேர்ந்தெடுத்த முதல் காரணமே அது பதினொன்றில் வாய் திறக்கவில்லை என்பதுதான். வாய் திறக்கவில்லையா, கண் தெரியவில்லையா? பாத்திரம் துலக்கிய அந்தப் பெண் விரலை நீட்டுவாள், பன்னிரண்டு ஒன்றும் காட்டாது, உனக்கு ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குப் போ என்பார்கள், போவாள், ஏரிக்குத்தான் போவாள். கோகுலன் படிப்பை விட்டுவிட்டான். பாயான் பாருவில் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை, போன மாதம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பார்த்தபோது ஓடிவந்து சுடச்சுட அப்பாம் பாலிக் வாங்கிக் கொடுத்தான், அக்கா, ஒங்க பட்டை ரெடியாமே என்றான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, அதுதான் அன்றைக்கே என்னவோபோல் இருந்தது. கடைசியில் ஒருநாள் இதே மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டான்.

"அக்கா, எல்லாத்தையும் அந்தப் பதினொண்ணுதானே கெடுக்குது. அந்த ஆள ஒருவாட்டி கூப்பிட்டுச் செக் பண்ணிப் பார்ப்பமா?"

"கண்ட்ரோலையே சந்தேகப்பட்டா அப்புறம் எதத்தான் தம்பி நம்புறது."

அவன் சிரித்துவிட்டு, சரிக்கா என்று போய்விட்டான்.

நான்கு நிமிடம், கதவு திறந்தது, சம்பல் வாசனை முதலில் வந்தது, பிறகு ஹாஜரா. ஒங்களுக்கு விரதம்னு முட்டை இல்லாம, நெத்திலி இல்லாம, வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான், கேண்டீன் அங்கிள் திட்டுறாருக்கா, இதுக்குப் பேரு நாசி லெமாக்கான்னு. ரமணி பட்டையின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தாள், ஏன் கவிழ்த்தாள் என்று தெரியவில்லை, கடிகாரம் மட்டும் வெளியே தெரிந்தது, மூன்று ஐம்பது. ரோஹானா மாடிப்படியில் பார்த்து விசாரித்தாராம், ஹாஜரா கோட்டைப் பற்றிச் சொன்னாளாம், பதினொன்று எப்படியோ கெட்டுப்போயிருக்கும், அதை எடுத்துவிட்டுப் பத்தொன்பதாகவே எழுதிவிடலாம் என்றாராம், ரமணி சரி என்றால் போதுமாம். சரி என்றால் போதும். ஒரு சொல். விரல் பைக்குள் இன்னும் ஈரமாக இருந்தது. ஹாஜரா பொட்டலத்தை வைத்துவிட்டு அருகில் வந்தாள், மேசையைப் பார்த்தாள், கவிழ்ந்திருந்த கையைப் பார்த்தாள், அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் தயங்கியது.

"யாருக்கா அந்தப் பதினொண்ணு? ஒங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள். சொல் வருவதற்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே அந்தக் குளிர்ச்சி வந்தது, ஏரியின் குளிர்ச்சி, அது இப்போது புதிதாக வந்ததல்ல, கோகுலன் கேட்ட அன்றைக்கும் இப்படியே வந்தது, அவன் கேட்டு முடித்த அந்த நொடியில், இதே இடத்தில், இரண்டு காலிலும், அதற்குப் பிறகுதான் அவள் கண்ட்ரோலைப் பற்றிச் சொன்னாள்... கைக்குக் கீழே பட்டை சூடாக இருந்தது, அல்லது கைதான் சூடாக இருந்ததா, மூன்று பத்து, மூன்று ஒன்பது, ஹாஜரா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.