மான் பாலத்தில் இரண்டு மீட்டர்

நெதர்லாந்தில் வேலுவே என்ற காட்டுக்குள் போடவிருந்த நெடுஞ்சாலைக்குப் பொறியாளர் மார்லுஸ் முதலில் வரைந்தது, மான்கள் கடக்க ஒரு பாலம். சாலையை அதற்குப் பிறகுதான் வரைந்தாள். மேலே மண்ணும் புதரும் போட்ட அகலமான பாலம். ஊர் மன்றத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதுதான் வினையாயிற்று.

"ஓரமா ரெண்டே மீட்டர் குடுங்க, சைக்கிள் பாதை போட்டுக்கறோம்," என்றார் மன்ற உறுப்பினர் வுபோ. ஒரு பாலத்தைக் காட்டிவிட்டு அதில் சைக்கிள் போகாது என்று சொல்ல நெதர்லாந்தில் யாருக்கும் வாய் வராது. மார்லுஸுக்கு வந்தது.

"சைக்கிள் கூடவே நாயும் ஓடி வருமே."

"வந்தா என்ன? என் மோப்பி ரொம்ப சாது."

அந்தச் சாது மேசைக்கடியில் மார்லுஸின் பூட்ஸை மோப்பம் பிடித்து உறுமிக்கொண்டிருந்தது. வுபோ வாரைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை.

"இன்னைக்கு இதுக்கு என்ன வந்துச்சு?"

"காலைல காட்டுல மான் புழுக்கைய மிதிச்சிட்டேன். துடைச்சிட்டுத்தான் வந்தேன்," என்றாள் அவள். "துடைச்சும் போகாத வாசனைக்கே இது இந்தப் பாடு படுது. மானுக்கும் இதே மாதிரி மூக்குதான். தினமும் மோப்பி ஓடுற பாலத்துல எந்த மான் கால் வைக்கும், சொல்லுங்க."

வுபோ நாயைப் பார்த்தார். பிறகு, வரைபடத்தில் தான் பென்சிலால் போட்டிருந்த சைக்கிள் பாதைக் கோட்டை அழிக்க ரப்பர் கேட்டார்.

மார்லுஸ் அதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.